கண்ணாடி போடாத பவித்ரா

பினாங்கில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. அனுப்பியவள் கீர்த்தனா, ஸ்ரீரங்கத்திலிருந்து. கீர்த்தனா பவித்ராவின் தங்கை. பவித்ரா என்னோடு ஒரே வீட்டில் மூன்று வருடம் குடியிருந்தவள், என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவள். டெங்குக் காய்ச்சல் வந்து ஒரே வாரத்தில் போய்விட்டாள். உடலை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, மறுநாளே நாங்கள் வேலைக்குத் திரும்பியிருந்தோம்.

வந்த படம், பவித்ராவின் படத்திறப்புக்கான அழைப்பு. இறந்தவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, துணியால் மூடி, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரைக் கொண்டு திறக்க வைப்பார்களாம். அழைப்பின் நடுவில் மெரூன் பட்டுப் புடவையில் ஒரு பெண் இருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த அயிஷா எட்டிப் பார்த்தாள். அவள் எங்கள் வீட்டின் மூன்றாவது ஆள். “யார் இந்தப் பெண்? உன் சொந்தமா?” என்று மலாயில் கேட்டாள்.

“பவித்ரா.”

அயிஷா கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிறிதாக்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, “இல்லை, இது பவித்ரா இல்லை” என்றாள்.

பவித்ராவுக்குத் தோளைத் தொடாத கிராப்புத் தலை. படத்தில் இருந்தவளுக்கு இடுப்பு வரை பின்னல், அதில் மல்லிகைப் பூ. பவித்ரா நல்ல கறுப்பு. இவள் பால் நிறம். எல்லாவற்றையும்விட, பவித்ராவுக்குக் கண்ணாடி இல்லாமல் தன் கை விரலே தெரியாது. குளித்துவிட்டு வந்தால் முதலில் துழாவுவது கண்ணாடியைத்தான், துண்டைக்கூட அப்புறம்தான். படத்தில் கண்ணாடி இல்லை. அது இருந்த இடத்தில் மையிட்ட இரண்டு கண்கள், எங்கேயும் பார்க்காமல்.

இந்தப் படத்தின் கதை எனக்குத் தெரியும். கல்யாணத் தரகரிடம் கொடுப்பதற்காக வீட்டில் செய்துவைத்த படம் இது. எங்கள் வீட்டு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு அவளே காட்டியிருக்கிறாள். “ஷாலு, இதுல கழுத்துக்கு மேல மட்டும்தான் நான். அதுவும் முழுசா இல்ல. கீழ யாருன்னு எனக்கே தெரியாது” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் வேண்டாம் என்று ஒதுக்கிய படம், அவள் இல்லாமல் போனதும் அவளாக நிற்கப் போகிறது. பொட்டலத்தை மூடி வைத்தேன். போக வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றியது. போய் என்ன செய்வேன் என்று தோன்றவில்லை. நேரே சூப்பர்வைசரிடம் போய் விடுப்புக் கேட்டேன்.

*

திருச்சி விமான நிலையத்துக்கு வெளியே நிற்கும் ஓட்டுநர்களுக்கு மலேசியாக்காரர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடுகிறது. என் ஆட்டோக்காரர் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார். “கோயிலுக்காம்மா, கல்யாணத்துக்கா, துக்கத்துக்கா?”

“துக்கத்துக்கு.”

“அப்பப் பேரம் வேணாம். நியாயமாக் குடுங்க.” நான் கொடுத்தது நியாயத்துக்கும் மேலே என்று பிற்பாடு கீர்த்தனா சொன்னாள். அது தனிக் கோபம், இங்கே வேண்டாம்.

மன்னார்புரம் ரவுண்டானாவைத் தாண்டும்போதே கவனித்துவிட்டேன். இந்த ஊரில் செத்தவர்கள் எல்லாரும் தெருவில் நிற்கிறார்கள். மின்கம்பம், மரம், சுவர் எதையும் விடவில்லை. எங்கே பார்த்தாலும் ‘கண்ணீர் அஞ்சலி’ ஃபிளெக்ஸ். எங்கள் ஊரில் தமிழ்ப் பேப்பரில் தீப்பெட்டி அளவு படம் போட்டு மரண அறிவித்தல் கொடுப்போம், அதோடு முடிந்தது. இங்கே ஆள் உயரம். ஆளைவிடவும் உயரம். கீழே வரிசையாக உயிரோடு இருக்கிறவர்களின் முகங்கள், கூலிங் கிளாஸ், கும்பிட்ட கைகள். சில பேனர்களில் செத்தவர் யார் என்று தேட வேண்டியிருந்தது.

காவிரிப் பாலம் தாண்டி, அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் தெருவின் முனையில் ஆட்டோ திரும்பியது. அங்கே பேனரில் நின்றிருந்தாள் மெரூன் புடவைக்காரி. பக்கத்தில் அவளுக்குச் சமமான உயரத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர்.

“இந்தப் பொண்ணு வீட்டுக்கா? ஐயோ பாவம். மகாலட்சுமி மாதிரி இருக்குதேம்மா” என்றார் ஆட்டோக்காரர்.

இல்லாத ஒருத்திக்காக அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். இருந்தவளுக்காக வருத்தப்பட அவருக்கு யாரும் வாய்ப்பே தரவில்லை.

*

துக்க வீட்டில் ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார்களாம். எனக்குத் தெரியாது. வாசலில் பெட்டியோடு நின்றேன். எல்லோரும் பார்த்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. கடல் தாண்டி வந்திருக்கிறேன், ஒரு வார்த்தை கிடையாதா என்று முகம் சுண்டிப்போனது. கீர்த்தனா ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு காதில் சொன்னாள். “சொல்லக் கூடாதுக்கா. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் கெளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லிடாதீங்க. எழுந்து பேசாமப் போயிடணும்.”

பவித்ராவின் அம்மா கூடத்துச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அப்பா துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், யாரோ உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தவர் போல இருந்தார்.

வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். “எப்படி ஆச்சு?” அம்மா ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னார். திங்கட்கிழமை போன்ல பேசினா, லேசா சுரம்னா, மாத்திரை போட்டேன்னா. வந்தவர் கேட்டு முடித்து, கண்ணைத் துடைத்து, எழுந்து போவார். அடுத்தவர் உட்காருவார். “எப்படி ஆச்சு?” மறுபடி திங்கட்கிழமை. அந்தத் திங்கட்கிழமையைத் தாண்ட அவரை யாரும் விடவில்லை.

ஒரு உறவுக்காரப் பெண் இன்னும் ஒரு படி மேலே போனார். “காலாகாலத்துல கட்டிக் குடுத்திருந்தா இந்நேரம் கையில புள்ளையோட இருந்திருப்பா. நீங்கதான் பிளேன் ஏத்தி விட்டீங்க.”

என்னால் முடியவில்லை. “டெங்குக் கொசு தாலி கட்டியிருக்கான்னு பாத்துக் கடிக்காது” என்றேன்.

“யாரு இந்தப் பொண்ணு?” என்று அவர் மற்றவர்களைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. “மலேசியாப் பொண்ணு,” என்று யாரோ பதில் சொன்னார்கள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.

சாயங்காலம் கூட்டம் கரைந்த பிறகுதான் அம்மாவின் பக்கத்தில் இடம் கிடைத்தது. என்ன சொல்வதென்று தெரியாமல், வாய்க்கு வந்ததைக் கேட்டேன். “பசியாறினீங்களா ஆன்ட்டி?”

அவர் முகம் மாறியது. எங்கள் ஊரில் சாதாரணமாகக் கேட்பதுதான், சாப்பிட்டீர்களா என்பதற்குப் பதிலாக. “அவளும் இப்படித்தான் போன்ல கேட்பா. பசியாறினியாம்மான்னு. எங்கடீ புடிச்ச இந்தப் பேச்சன்னு திட்டுவேன். உங்ககிட்ட புடிச்சதா?” என்றார்.

“என்கிட்டதான்.”

“அங்க என்ன சாப்பிடுவா?”

அவள் வாழ்ந்ததைப் பற்றி அந்த வீட்டில் வந்த முதல் கேள்வி அதுதான். நான் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய், அதற்குச் சாம்பார் ஊற்றச் சொல்லிக் கடைக்காரரோடு சண்டை. தே தாரிக் டீயில் இனிப்புக் கூடுதல் என்று தினமும் புகார், தினமும் இரண்டு கிளாஸ். முதல் தடவை நான் டுரியான் பழம் வாங்கி வந்தபோது, அந்த நாற்றத்தில் வீட்டில் கேஸ் கசிகிறது என்று ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாள். கடைசியில் பாதிப் பழத்தை அவளே தின்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார். துக்க வீட்டில் சிரித்தால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாசல் பக்கம் பார்த்தார். பெற்ற பெண்ணை நினைத்துச் சிரிக்க ஒரு தாய்க்கு அனுமதி வேண்டியிருக்கிறது.

கைப்பேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். தொழிற்சாலைக்குள் தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடுப்பில், கண்ணாடி மட்டும் வெளியே தெரிய ஒன்று. பால்கனியில் ஒன்று. மழை விட்ட நேரம், கையில் எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி மூக்கில் பாதி இறங்கி நிற்கிறது, எதையோ சொல்ல வாயைத் திறக்கிறாள். அம்மா அந்தப் படத்தோடு நின்றுவிட்டார். விரலால் திரையைத் தொட்டார், படம் நகர்ந்து போய்விட்டது. பதறிப்போய், “எங்க போனா, எங்க போனா” என்றார். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்போதுதான் அழுதார். மற்றவர்களுக்குக் கதை சொல்லும்போது வந்த அழுகை வேறு, இது வேறு.

நான் கொண்டுவந்த பெட்டியில் அவளுடைய துணிகளும் சாமான்களும் இருந்தன. கண்ணாடிக் கூட்டை மட்டும் அம்மா எடுத்துக்கொண்டார். திறக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டார்.

*

அம்மா மண்டபம் சாலையில்தான் நான் தங்கிய லாட்ஜ். “தனியாவா? கூட யாரும் வரலையா?” என்று மூன்று விதமாகக் கேட்ட பிறகே மேனேஜர் சாவி கொடுத்தார். மறுநாள் சனிக்கிழமை காலை பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டேன். இட்லி வாயில் வைப்பதற்குள் உடைந்துவிடும் அளவுக்கு மெத்தென்று இருந்தது, கூட மூன்று சட்னி. எங்கள் ஊர் இட்லியை எறிந்தால் ஆளுக்குக் காயம்படும் என்று பவித்ரா சொல்லிச் சொல்லி என் கொதிப்பைக் கிளப்புவாள். ஒப்புக்கொள்கிறேன் பவித்ரா, நீ சொன்னது சரி. ஆனால் காபியை ஏன் இவ்வளவு சின்ன டம்ளரில் கொடுக்கிறார்கள்?

வீட்டில் பெரியப்பா இருந்தார். பேனரில் நின்ற அதே வெள்ளைச் சட்டைக்காரர், அப்பாவின் அண்ணன். மண்டபத்துக்கு நாற்காலி சொல்வது, சாப்பாடு சொல்வது, மைக் சொல்வது என்று ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவரை வெறும் பேனர் ஆசைக்காரர் என்று தள்ளிவிட முடியாது. விமான நிலையத்துக்குப் போய் உடல் வந்த பெட்டியை வாங்கி, ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, தம்பியை எதற்கும் அலைய விடாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அது தெரிந்ததால் என் கோபத்தை வைக்க இடம் இல்லாமல் போனது.

“அங்கிள், அந்தப் படம் பவித்ராவே இல்ல. வேற நல்ல படம் என்கிட்ட இருக்கு” என்றேன்.

பால்கனிப் படத்தைப் பார்த்தார். “என்னம்மா இது, டம்ளரும் கையுமா. நாளைக்குப் படத்தைத் திறக்க ஐயா வர்றாரு. சபையில திரையைத் தூக்கினா இதையா பாக்கறது?”

“அவ இப்படித்தான் இருந்தா.”

“இருந்தது வேற. வைக்கிறது வேற.”

பெரியம்மா அடுப்படியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். குரலில் கடுமை இல்லை. சின்னப் பிள்ளைக்குப் புரிய வைக்கிற பொறுமை, அது இன்னும் எரிச்சல். “உங்க ஊருல எப்படியோ தெரியல கண்ணு. இங்க, கல்யாணம் ஆகாமக் கன்னியாப் போன பொண்ணு அந்த வீட்டுக்குத் தெய்வம். வருஷா வருஷம் புடவை, வளையல், பூ வெச்சுக் கும்பிடுவோம். நல்லது கெட்டதுன்னா அவகிட்ட சொல்லிட்டுத்தான் செய்வோம். அதான் புடவையோட வெக்கிறது. தெய்வத்துக்கு யாராவது மூக்குக் கண்ணாடி போடுவாங்களா?”

அவள் எந்தத் தெய்வமும் இல்லை, பாத்திரம் கழுவும் முறை வந்தால் வயிற்றுவலி வரும் பெண் என்று கத்த வேண்டும் போல இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தேன். “அண்ணன் பாத்துக்குறாரும்மா” என்றார்.

கீர்த்தனா என் துப்பட்டாவை இழுத்தாள். “வாங்கக்கா. சத்திரத்துல லேப் இருக்கு.”

*

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது அந்த ஃபோட்டோ லேப். கணினி முன்னால் இருந்தவர் பால்கனிப் படத்தைத் திரையில் திறந்தார்.

“இறந்தவங்களா?”

“ஆமா.”

“கலர் கொஞ்சம் ஏத்திடவா?”

“வேணாம்.”

“முகத்துல எண்ணெய் வழியுது. அதை மட்டும் எடுத்துடறேன்.”

“அது வேர்வை. இருக்கட்டும்.”

“கண்ணாடியில வெளிச்சம் அடிக்குது பாருங்க. கண்ணாடியைத் தூக்கிடலாமா?”

“அண்ணே,” என்றாள் கீர்த்தனா, “எதையும் தூக்காதீங்க. எதையும் போடாதீங்க. அப்படியே பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணிக் குடுங்க.”

“அப்புறம் நல்லா இல்லன்னு என்னைச் சொல்லக் கூடாது.” அவர் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். ஃபிரேம் போட்டு ஞாயிறு காலை தருவதாகச் சொன்னார்.

திரும்பும்போதுதான் சுவரைப் பார்த்தேன். வாங்கிப் போக ஆள் வராத படங்களை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள், மெரூன் பட்டில். பக்கத்தில் நடுவயதுக்காரி ஒருத்தி, அதே மெரூன் பட்டில். அதே கழுத்து, அதே அட்டிகை, அதே வலது தோளில் அதே மடிப்பு. கீர்த்தனா என் முழங்கையைப் பிடித்தாள். “அக்கா புடவை” என்றாள்.

“அது நல்லா ஓடுற மாடல்ங்க,” என்றார் லேப்காரர்.

இத்தனை பெண்கள், வெவ்வேறு வீட்டில் வெவ்வேறு ருசியில் சமைத்து, வெவ்வேறு சண்டை போட்டு வாழ்ந்தவர்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே உடம்பு. வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தோம். கோபத்தில் எனக்கு அது இனிக்கவே இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மட்டும் போய்ப் படத்தை வாங்கினேன், கீர்த்தனா மண்டபத்தில் இருக்க வேண்டியிருந்தது. செய்தித்தாளில் சுற்றிய சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “குடு, நான் மடியில வெச்சுக்கறேன்” என்று வாங்கிக்கொண்டார். எங்கள் ஊர் பஸ்ஸில் யாரும் யாருடைய சுமையையும் வாங்க மாட்டார்கள். அவர் என்ன என்று கேட்டார், சொன்னேன். அவர் பிடி கொஞ்சம் இறுகியது, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எப்படி ஆச்சு என்றுகூட.

பாலத்தின் நடுவில் பஸ் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. ஓட்டுநர் சாவியைத் திருகினார். இன்னொரு தடவை திருகினார். பிறகு பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு இறங்கினார். அவ்வளவுதான் அறிவிப்பு. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன, அடித்தால் பஸ் பயந்துபோய் ஓடிவிடும் என்பது போல. ஆட்டோ ஒன்றும் நுழைய முடியவில்லை. நடந்தேன். கீழே காவிரி பாதி மணலும் பாதி தண்ணீருமாகக் கிடந்தது. காற்று செய்தித்தாளைப் பிய்த்துக்கொண்டு போனது. மூடாத படத்தோடு, வெயிலில், பாலம் முழுக்கப் பவித்ராவைச் சுமந்துகொண்டு நடந்தேன். எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு ஸ்கூட்டர்காரர் வேகத்தைக் குறைத்து, “பாத்துப் போம்மா, கண்ணாடி உடைஞ்சிரும்” என்றார்.

மாம்பழச்சாலையில் ஆட்டோ பிடித்து மண்டபம் போய்ச் சேர்ந்தபோது திரை விலகியாகிவிட்டது. மேடையில் மெரூன் புடவைக்காரி மாலையோடு நின்றாள். ஐயா மைக்கைப் பிடித்திருந்தார். குத்துவிளக்கு போன்ற பெண் என்றார். அடக்கத்தின் உருவம் என்றார். சிங்கப்பூரில் பணிபுரிந்து திருச்சிக்கே பெருமை சேர்த்தவர் என்றார். “பினாங்கு” என்று நான் பின் வரிசையிலிருந்து சொன்னேன். யாரோ உஸ் என்றார்கள். அவருக்கு அடுத்து ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்ததால், அதற்குள் கீழே இறங்கிவிட்டார்.

கையில் இருந்த சட்டத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை அதையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

*

மண்டபத்துப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்துச் சுவரில் ஆணி தயாராக இருந்தது. பெரியப்பா நாற்காலி மேல் ஏறினார்.

“கொஞ்சம் இருங்க மாமா,” என்றார் பவித்ராவின் அம்மா.

அவர் எழுந்து நின்றதே எல்லோருக்கும் புதிதாக இருந்தது. மாலை போட்ட படத்துக்கு அருகில் வந்து, பெரியம்மாவைப் பார்த்துக் கேட்டார். “அக்கா, இவ இனிமே நம்ம வீட்டுத் தெய்வம்னு சொன்னீங்கள்ல?”

“ஆமாண்டி. அதுல என்ன சந்தேகம்?”

“இங்கேர்ந்து நம்மளைப் பாத்துக்குவா?”

“பாத்துக்காம? அவதான இனிமே எல்லாம் பாக்கணும்.”

“எப்படிக்கா பாப்பா?” அம்மா இடுப்பிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். “ஏழாவது படிக்கும்போது போட்டது. கண்ணாடி இல்லாம அவளுக்கு என்னையே தெரியாது. பக்கத்துல போய் நின்னு அம்மாடின்னு சொன்னாத்தான் தெரியும். பேரத் தெரியாத எவளோ கழுத்து மேல அவ தலைய வெச்சு, கண்ணாடியயும் புடுங்கிட்டு, எங்களப் பாருடீன்னா அவ எங்கக்கா பாப்பா?”

சாமிக்குக் கண் தெரியாது என்று பெரியம்மாவால் சொல்ல முடியாது, சாமிக்குக் கண்ணாடி வேண்டாம் என்றும் இப்போது சொல்ல முடியவில்லை.

பெரியப்பா நாற்காலி மேலிருந்தே இழுத்தார். “மாலை போட்டதை இறக்கக் கூடாதும்மா...”

“இன்னும் நீங்க மாட்டவே இல்லயே மாமா. இறக்கறதுக்கு என்ன இருக்கு?”

அவர் கையில் இருந்த படத்தைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த தம்பி எழுந்து வந்து, அண்ணன் கையிலிருந்து படத்தை வாங்கிச் சுவரோரம் திருப்பி வைத்தார். என்னிடமிருந்து பால்கனிப் படத்தை வாங்கினார். “நீ எறங்குண்ணே. முழங்கால் வலிக்கும்” என்றார். அவரே ஏறி மாட்டினார். கோணலாக இருக்கிறதா என்று கீர்த்தனாவிடம் கேட்டுச் சரி செய்தார், ஆணி அடிப்பவர்கள் கேட்பது போலச் சாதாரணமாக.

அம்மா மாலையைப் போடவில்லை. கண்ணாடியைக் கூட்டிலிருந்து எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, படத்துக்குக் கீழே மாடத்தில் விரித்து வைத்தார். தெரிகிறதா என்று கேட்பவர் போல ஒரு நிமிஷம் நின்றார்.

பெரியப்பா சாப்பிட மறுத்துவிட்டுப் போனார். “ஐயா கையால திறந்த படத்தைத் திருப்பி வெச்சா நாளைக்கு எம் மூஞ்சிய எங்க வெக்கிறது?” என்று வாசலில் பெரியம்மாவிடம் கேட்டுக்கொண்டே போனார். அதுதான் பேனரில் வைத்திருக்கிறீர்களே என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அவர் அந்தப் பெட்டியை விமான நிலையத்திலிருந்து கொண்டுவந்தவர் என்பதால் விழுங்கினேன்.

பேனர். அதை மறந்தே போயிருந்தேன். சாயங்காலம் லாட்ஜுக்கு நடக்கும்போது தெரு முனையில் அது அப்படியே நின்றது. அதன் அடியில் பூக்காரம்மா கடை போட்டிருந்தார். இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்து, “கிளி மாதிரிப் பொண்ணு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுபடி எனக்குக் காதுவரை சூடு ஏறியது. திரும்பி வீட்டுக்கே போனேன். யாரும் வாங்க என்று சொல்லவில்லை, எனக்கும் இப்போது பழகிவிட்டது.

“அந்த பேனர எப்பக் கழட்டுவாங்க?” என்று கேட்டேன்.

“அதுவா கிழியற வரைக்கும் நிக்கும்க்கா,” என்றாள் கீர்த்தனா. “போன வருஷம் செத்தவங்கல்லாம் இன்னும் நிக்கறாங்க.”

“நான் கழட்டறேன். நாளைக்கு விடிஞ்சதும். ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி.”

“பெரியப்பா வெட்டிடுவாரு.”

“மலேசியாப் பொண்ணு அறுத்துட்டு பிளேன் ஏறிடுச்சுன்னு சொல்லு.”

நாற்காலியில் இருந்த அப்பா தலையைத் தூக்கினார். நான் திட்டு விழும் என்று நினைத்தேன். “கிழிக்காதீங்க,” என்றார். “கட்டுக்கம்பிய மட்டும் கட் பண்ணுங்க. நாலு மூலையிலயும் கம்பி போட்டுக் கட்டியிருக்கான், பிளையர் தரேன். எறக்கிச் சுருட்டி எங்கிட்ட குடுங்க.”

“அதை எதுக்கு அங்கிள் வெச்சுக்கிட்டு? அது பவித்ராவே இல்லையே.”

“இல்லதான்.” கொஞ்ச நேரம் சுவரோரம் திருப்பி வைத்த படத்தைப் பார்த்தார். “ஆனா கழுத்துக்குக் கீழ இருக்கறது யாரோ பெத்த புள்ளைதானே. அந்தப் பொண்ணு எங்க இருக்குதோ. ரோட்டுல போட்டு மிதிக்க விடக் கூடாது.”

மூன்று நாளாக அந்தப் புடவைக்காரியைத் திட்டிக்கொண்டே இருந்தவள் நான். எனக்கு அப்படி ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

ஆட்டோக்காரரை விடிவதற்கு முன்பே வரச் சொல்லியிருக்கிறேன். ஏர்போர்ட் சவாரிக்கு மட்டும்தான் நியாய விலை, பேனருக்குக் காத்திருந்தால் தனி என்கிறார். ஏணியைப் பட்டறையிலிருந்து அப்பா கொண்டுவந்து வாசலில் சாய்த்து வைத்துவிட்டார். கீர்த்தனா கீழே பிடிப்பாள். பிளையர் என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாழ்க்கையில் ஏணி ஏறியதில்லை. நாளைக்கு ஏறிப் பார்க்க வேண்டும்.